கொய்யாவா, செம்பருத்தியா?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் களிமண்ணில் எதை நடலாம் என்பதை ஐப்பசி மழையில் தோட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தண்ணீர் கட்டி நிற்கிற மூலையில் எலுமிச்சை வேண்டவே வேண்டாம். வேர் அழுகி, அடித்தண்டில் பிசின் வடிந்து பட்டுப்போகும். கொய்யா ஓரளவு தாங்கும். சுவரிலிருந்து 10 அடி தள்ளி 2 அடிக் குழி எடுத்து, தோண்டிய மண்ணோடு மணலும் மக்கிய சாணி எருவும் கலந்து, ஒரு அடி மேடாக்கி லக்னோ 49 என்ற கொய்யா ரகத்தின் பதியன் கன்றை வையுங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் கிளை நுனியைக் கழியுங்கள், புதுத் துளிரில்தான் பூ வரும்.

அவ்வளவு இடமில்லையா? செம்பருத்தியே நல்லது. நுனி சுருண்டு வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. அந்த நுனியை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். எறும்புப் புற்றையும் தேடிக் கலையுங்கள். பூச்சியைச் செடிக்குச் செடி சுமப்பது எறும்புதான்.