கிராண்ட் ஃபால்ஸ்-வின்ட்சர்: பஸ் மோசம், டாக்ஸி கொள்ளை, சால்மன் சூப்பர்

எடுத்த எடுப்புல சொல்லிடுறேன், கார் இல்லாம கனடாவோட நியூஃபவுண்ட்லாண்ட் தீவ சுத்த கிளம்பாதீங்க. தலைநகர் செயின்ட் ஜான்ஸ்லேர்ந்து இந்த கிராண்ட் ஃபால்ஸ்-வின்ட்சர் ஊர் 430 கிலோமீட்டர் கிட்ட வருது, ரயில் கிடையாது, 1988லயே மூடிட்டாங்க, பஸ்ஸ விட்டா வழியில்ல. அந்த பஸ்ல சீட்டு சாயாது, ஜூலை மாசத்துலயும் ஹீட்டர் ஓடுது, டாய்லெட் பத்தி பேச வேணாம். சாயங்காலம் ஆனா ரோட்டுல மூஸ், அதான் அந்தப் பெரிய மான், குறுக்க வரும்னு டிரைவர் உருட்டிக்கிட்டே போறாரு. முன்ன இந்தத் தீவுலயே கிடையாத மிருகம், 1904ல நாலே நாலு கொண்டுவந்து விட்டாங்களாம், இப்ப எங்க பாத்தாலும் அதுக்குத்தான் எச்சரிக்கை போர்டு.

இறக்கி விடுறது ஹைவே ஓரம். நான் பாக்க வந்த சால்மன் சென்டர், சால்மன் மீன கிட்ட நின்னு பாக்குற இடம், அங்கேர்ந்து ஆத்துக்கு அந்தாண்ட கரையில, நடக்க முடியாது. டாக்ஸிக்காரர் மீட்டரும் போடல ஒண்ணும் போடல, வாய்க்கு வந்தத சொன்னாரு, திரும்பி வர்றதுக்கும் சேத்து குடுன்னு வேற. பேரம் பேசினா சிரிக்கிறாரு. அந்தக் காசுல ரெண்டு வேளை நல்லா சாப்பிட்டிருக்கலாம், வயிறு எரிஞ்சுது.

ஆனா உள்ள போய் அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னதும் எல்லாம் மறந்துபோச்சு! எக்ஸ்ப்ளாய்ட்ஸ் ஆறு, தீவுலயே நீளமானது, இங்க அருவியா விழுது, அதத் தாண்ட முடியாத மீனுக்காக பக்கத்துலயே படிப்படியா தண்ணி ஓடுற வழி கட்டியிருக்காங்க. அதுல ஏறி வர்ற அட்லாண்டிக் சால்மன தண்ணிக்கு அடியில கண்ணாடி வழியா பாக்கலாம், மூக்குக்கு நேரா நிக்குது, செதில எண்ணலாம் போல. கடல்லேர்ந்து ஆத்துக்குள்ள வந்தப்புறம் இது சாப்பிடுறதே இல்லையாம், உடம்புல சேத்துவச்ச கொழுப்புலயே எதிர்நீச்சல் போட்டு போய் முட்டை போடுது. பசிபிக் சால்மன் முட்டை போட்டதும் செத்துடும், இதுல கொஞ்சம் பொழச்சு கடலுக்குத் திரும்புது. நான் கிளம்பவே மனசில்லாம நின்னேன், வெளிய டாக்ஸி வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு.

இந்த ஊர் பேப்பர் மில் கதையும் சொல்லணும், ஊரே அதனாலதான் வந்துச்சு. லண்டன்ல டெய்லி மெயில் பத்திரிகை நடத்தின ஹார்ம்ஸ்வொர்த் அண்ணன் தம்பிங்க, ஐரோப்பால சண்டை வந்தா அச்சடிக்க பேப்பர் கிடைக்காதுன்னு பயந்து இங்க வந்தாங்க. அருவில கரண்ட், சுத்தி மரம், ஏத்தி அனுப்ப பாட்வுட் துறைமுகம், 1909ல மில் ஓட ஆரம்பிச்சாச்சு. கிராண்ட் ஃபால்ஸ்ல கம்பெனி ஆளுங்க மட்டும்தான் குடியிருக்கலாம், மத்தவங்க ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒண்டினாங்க, அதுதான் வின்ட்சர். 1991லதான் ரெண்டையும் ஒண்ணாக்கினாங்க.

2009ல மில்ல மூடிட்டாங்க. மூடப்போறோம்னு அறிவிச்சதும் மாகாண அரசாங்கம் கோவத்துல மர உரிமை தண்ணி உரிமை எல்லாத்தையும் பறிச்சுது, அந்த வேகத்துல மில்லையும் சேத்து எடுத்துக்கிச்சு, தெரியாம! கழிவ சுத்தம் பண்ற செலவும் தலைல விழுந்துச்சு. கம்பெனி கேஸ் போட, கனடா மத்திய அரசாங்கம் 13 கோடி டாலர் குடுத்து முடிச்சுது. என் டாக்ஸி வயித்தெரிச்சல் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

சாப்பாடு: டவுட்டன்னு ஒண்ணு, ரொட்டி மாவப் பொரிச்சு மேல மொலாசஸ் ஊத்தி தர்றாங்க, நம்ம வெல்லப்பாகு மாதிரியே இருக்கு, சூடா கேட்டு வாங்குங்க. பன்னிக் கொழுப்புலயும் பொரிப்பாங்க, சாப்பிடாதவங்க முன்னாடியே கேட்டுக்குங்க. பில்லுல 15 சதவீதம் வரி ஏறும், மெனுல போட்டிருக்கிற விலைய நம்பி ஆர்டர் பண்ணாதீங்க. வீட்டுக்கு போன் பண்றது ஈசி, கோடைல நமக்கும் அவங்களுக்கும் சரியா 8 மணி நேரம் வித்தியாசம், அரை மணிக் கணக்கெல்லாம் இல்ல.

கடைசியா, தூண்டில் ஆசை இருக்கிறவங்களுக்கு: வெளியாளுங்க சால்மன் பிடிக்கணும்னா லைசென்ஸ் மட்டும் பத்தாது, கைடும் வச்சுக்கணும். ரேட்ட விசாரிச்சேன், வாய மூடிக்கிட்டு வந்துட்டேன். அந்தக் காசுக்கு கார் வாடகைக்கு எடுத்தா பாட்வுட் வரைக்கும் போய் கடலையே பாத்துட்டு வரலாம்.