200 ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு

பெப்ரவரி 4, 2024

விடுமுறை, அதனால் வகுப்பு இல்லை. கொட்டாஞ்சேனை மண்டபத்தில் பிள்ளைகளின் வாங்குகளில் பெரியவர்கள் ஏழு பேர் உட்கார்ந்தோம். மூன்று வருடமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது நகரத்துக் குடிசைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு, பின்னேர வகுப்பு நடத்துகிறோம். பெயரும் இல்லை, பதிவும் இல்லை. வருகிற காசெல்லாம் என் சொந்தக் கணக்குக்குத்தான் வருகிறது. போன மாதம் லண்டனிலிருந்து ஒரு அண்ணா 50,000 ரூபாய் அனுப்பினார். அதே வாரம் என் வீட்டு வாடகையும் அந்தக் கணக்கிலிருந்துதான் போனது. ஒரு சதமும் தவறவில்லை. ஆனால் நாளைக்கு எனக்கு ஏதாவது நடந்தால், எது பிள்ளைகளின் காசு, எது என் காசு என்று யார் சொல்வது? அதைக் கேட்கத்தான் கூட்டத்தைக் கூப்பிட்டேன்.

பெப்ரவரி 11

சட்டம் படிக்கிற தம்பி இரண்டு வழி சொன்னார். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட, பங்குகள் இல்லாத கம்பனியாகலாம். அல்லது 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியலாம். எங்கள் அளவுக்கு இரண்டாவது போதும். வெள்ளவத்தையிலும் ஒரு வகுப்புத் தொடங்கலாம் என்று ஆசைப்பட்டோம். அது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவு, கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரிவு. இரண்டு பிரிவு என்றால் மாவட்ட மட்டத்துக்குப் போகவேண்டும். சரி, முதலில் ஒரு இடத்தை ஒழுங்காக நடத்துவோம் என்று முடிவானது.

பெப்ரவரி 23, நவம் போயா

காலையிலிருந்து யாப்பு, அதாவது சங்கத்தின் விதிகளை, எழுதுகிறோம். பெயர், முகவரி, நோக்கம் எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தன. 'சங்கம் கலைக்கப்பட்டால்' என்ற பிரிவில் நின்றுவிட்டோம். "தொட்டிலைக் கட்டும்போதே பாடையைப் பேசுவதா பிள்ளை?" என்று மாமிக்கு மனம் நொந்துபோனது. நான் விடவில்லை. அலுமாரி, புத்தகம், வங்கி மீதி எதையும் அங்கத்தவர் பிரித்துக்கொள்ளக் கூடாது. இதே வேலை செய்யும் இன்னொரு அமைப்புக்குப் போகவேண்டும். இதை எழுதாமல் விட்டால், தருகிறவர்களிடம் எந்த முகத்தோடு கை நீட்டுவது?

அப்புறம் மாமியே ஒரு பிரிவு சொன்னார்: ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் காசோலையில் கையெழுத்து வைக்கக் கூடாது. மாமாதான் பொருளாளர். யாரும் பேசவில்லை. மாமாதான் முதலில் "எழுதுங்கோ" என்றார்.

மார்ச் 12

விண்ணப்பத்தைக் கொடுத்தாயிற்று. கிராம உத்தியோகத்தர் மண்டபத்துக்கு வந்து, பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டை நின்ற நிலையிலேயே முழுதும் புரட்டிப் பார்த்தார்.

மே 14

சான்றிதழ் கையில். வங்கியில் அதோடு யாப்பையும், கணக்குத் திறக்கத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கையையும் கேட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம். என் கணக்கிலிருந்த 83,450 ரூபாயையும் மாற்றினேன். நான் இனித் தனியாக ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. வெளியே வந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தோள் இரண்டும் லேசாக இருந்தன.

மே 26

வெசாக் கூடுகள் இன்னும் கழற்றப்படவில்லை. மண்டபத்துக்கு எதிரே இடியப்பம் அவித்து விற்கிற அம்மா, கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து 200 ரூபாய் தந்தார். அவருடைய பேரன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பில் இருக்கிறான். புதுப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். "எனக்கு எதுக்குப் பிள்ளை துண்டு?" என்றார். எழுதினேன். இலக்கம் 0001. கார்பன் தாளைத் தூக்கி, நகல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். அவர் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தன் பெயர் எது என்று கேட்டார். விரலால் காட்டினேன். நாலாக மடித்து லேஞ்சிக்குள் வைத்து முடிந்துகொண்டார்.

போனவர் திரும்பி வந்தார். கணக்கு வாசிக்கிற கூட்டத்துக்குத் தானும் வரலாமா என்று கேட்டார். முடிச்சை மறுபடி அவிழ்க்கச் சொல்லி, துண்டின் பின்பக்கத்தில் 'ஜூன் 30, ஞாயிறு, பின்னேரம் 4 மணி' என்று எழுதிக் கொடுத்தேன்.