சிரிப்பு எந்த வரியில் வந்தது?

காமெடி மியூசிக்கல், அதாவது பாட்டும் வசனமுமாக நடக்கிற நகைச்சுவை மேடை நாடகம், பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டு வாங்கும் பதிலில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம், கூட வந்த ஆள், ஏற்கெனவே காதில் விழுந்த பாராட்டு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பதிலைச் சொல்லும். உள்ளே உட்கார்ந்திருந்தபோது எந்த வரிக்குச் சிரித்தார்கள், எந்த வரிக்கு இருமினார்கள், எங்கே நெளிந்தார்கள், அதுதான் நான் நம்புகிற விமர்சனம். அதனால் பாதி நேரம் மேடையை விட்டுவிட்டுப் பக்கத்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூட வருகிறவர்களுக்கு இது பிடிக்காது, இருந்தாலும் விட முடியவில்லை.

வசன நாடகத்தில் ஒரு ஜோக்குக்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிய சிரிப்பு வந்தால் நடிகருக்குப் பிரச்சினை இல்லை. நாற்காலியை நகர்த்தலாம், எதிரே நிற்பவரை முறைக்கலாம், சத்தம் அடங்கியதும் அடுத்த வசனத்தை எடுக்கலாம். பாட்டில் அந்த வசதி கிடையாது, தாளம் யாருக்காகவும் நிற்காது. முதல் ஜோக்குக்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தால் அந்தச் சத்தத்திலேயே இரண்டாவது ஜோக் காணாமல் போய்விடும், அது முதலாவதைவிட நல்ல ஜோக்காகக்கூட இருந்திருக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்த பாடலாசிரியர்கள் சிரிப்பு வரவேண்டிய சொல்லை வரியின் கடைசியில், இயைபு விழுகிற இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள், இசையமைப்பாளரும் அங்கே வார்த்தை இல்லாத கொஞ்சம் இடைவெளியை விட்டுவைப்பார். சில பாட்டுகளில் அதே இசைத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கலாம் என்று ஏற்பாடு இருக்கும். கூட்டம் சிரித்து ஓய்கிறவரை இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் அதைச் சுற்றவிடுவார், அடங்கியதும் நடிகருக்கு ஜாடை போகும். ஆக அந்த இடத்தில் சிரிப்பும் பாட்டின் ஒரு பகுதிதான், அது வராமல் போனால் வெறும் இசை மட்டும் சங்கடமாக ஓடிக்கொண்டிருக்கும்.

வேறு மொழியில் பாடும் காமிக் ஆபெராக்களில், அதாவது பெரும்பாலும் பாட்டாகவே கதை சொல்லும் நகைச்சுவை நாடகங்களில், இன்னொரு வேடிக்கை உண்டு. மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு ஓடும், ஜனங்கள் அதை முந்திக்கொண்டு படித்துவிட்டு, பாடகர் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் சிரித்து முடித்துவிடுவார்கள். பாவம் அவர், ஓய்ந்துபோன ஜோக்கை முழு ராகத்தோடு பாடிக்கொண்டிருப்பார்.

கூட்டம் ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1962-ல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேக்கு வந்த 'எ ஃபன்னி திங் ஹாப்பன்ட் ஆன் த வே டு த ஃபோரம்'. பண்டைய ரோமில் நடக்கிற அக்மார்க் கூத்து, பாட்டெழுதி இசையமைத்தது ஸ்டீஃபன் சோண்ட்ஹைம். நியூயார்க்குக்கு வருமுன் வெளியூர்களில் போட்டுப் பார்த்தபோது கூட்டம் சிரிக்கவே இல்லை. பார்த்துச் சொல்லுங்கள் என்று இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸை அழைத்தார்கள். அவர் கைகாட்டியது முதல் பாட்டை. இதமான, காதல் வாசனையடிக்கிற பாட்டு. அதைக் கேட்டவர்கள் நளினமான காதல் கதை வரப்போகிறது என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், அப்புறம் ஆட்கள் ஓடிப் பிடித்து வேஷம் மாற்றிக் குழப்பம் செய்யும்போது இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தார்கள். சோண்ட்ஹைம் 'காமெடி டுநைட்' என்று புதிதாக ஒன்றை எழுதினார், இன்றைக்கு ராத்திரி காமெடிதான் என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிற பாட்டு. நிலைமை தலைகீழாக மாறியது. நாடகம் 964 காட்சிகள் ஓடியது, பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதை, சிறந்த மியூசிக்கல் என்று வாங்கவும் செய்தது. "அந்த ஊர்க்காரர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். சிரிக்கலாம் என்று முதல் ஐந்து நிமிஷத்தில் யாராவது அவர்களுக்குச் சொன்னார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்புறம், சிரிப்பு தொற்றும். தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல சுமார் 30 மடங்கு அதிகமாக நாம் மற்றவர்களோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று ராபர்ட் ப்ரோவைன் என்ற ஆய்வாளர் கண்டார். பாதி காலியான அரங்கில் நல்ல ஜோக்கும் செத்துப்போவது இதனால்தான், ஆறு நாற்காலி தள்ளி இருப்பவரின் சிரிப்பு நம்மை வந்து இடிக்காது. 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் அரங்குகளுக்கு இது ஆய்வு இல்லாமலேயே தெரிந்திருந்தது. 'க்ளாக்' என்று கூலிக்குக் கைதட்டும் கூட்டத்தை உள்ளே உட்கார வைப்பார்கள். அதில் சிரிக்கத் தனி ஆள், அழத் தனி ஆள், ஒன்ஸ்மோர் கேட்கத் தனி ஆள். யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற வேலைதான் இருப்பதிலேயே கஷ்டம், தினமும் அதே ஜோக்குக்கு!

ஒன்ஸ்மோர் என்றதும் 'த மிகாடோ' பற்றிச் சொல்லியாக வேண்டும். 1885-ல் லண்டன் சவாய் அரங்கில் வந்த காமிக் ஆபெரா. இதை நடத்திய டாய்லி கார்ட்டே குழுவில், கூட்டம் திரும்பக் கேட்கும் பாட்டுகளுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சேட்டைகள் தயாராக வைத்திருப்பார்கள். கேட்கக் கேட்க கோமாளித்தனம் ஏறும். அதே நாடகத்தில், தொலைந்துபோனாலும் யாரும் தேடாத ஆட்களின் பட்டியல் ஒன்று பாட்டாக வரும். இன்றைக்கும் அதைப் போடுகிறவர்கள் அந்தந்த வருஷத்து எரிச்சல்களையும் அரசியல்வாதிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். கவனித்திருக்கிறேன், மற்ற பாட்டுகளுக்குப் புன்னகையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்கூட இதற்கு வாய்விட்டுச் சிரிப்பார்கள். இன்னொருவன் மாட்டிக்கொண்டான் என்ற சந்தோஷம்தான்.

இதற்கு நேர் எதிர்க்கோடி 'ராக்கி ஹாரர் ஷோ'. 1973-ல் லண்டனில் சின்ன அரங்கில் தொடங்கிய நாடகம், 1975-ல் படமானது, அந்தப் படத்தின் நள்ளிரவுக் காட்சிகளில்தான் ரசிகர்கள் திரையைப் பார்த்துப் பதில் வசனம் கத்தும் பழக்கம் பிடித்தது. அந்தப் பழக்கம் திரும்பி மேடைக்கே வந்துவிட்டது. இப்போது கதை சொல்லியாக வரும் நடிகர் சபையிலிருந்து வரும் கிண்டல்களுக்கும் பதிலடி தயாராக வைத்திருக்க வேண்டும். எனக்கு இது ஒரு அளவோடு பிடிக்கும். கத்துகிறவர் சொல்வது மேடையில் சொல்வதைவிடச் சுவாரஸ்யமாக இருந்தால் சரி, பெரும்பாலும் இருப்பதில்லை.

சிரிக்காதவர்களையும் விட்டுவிடக் கூடாது. 2011-ல் மார்மன் திருச்சபையைக் கிண்டலடித்து, அவர்களுடைய புனித நூலின் பெயரிலேயே 'த புக் ஆஃப் மார்மன்' என்ற மியூசிக்கல் வந்தபோது அந்தத் திருச்சபை என்ன செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர்கள் மறியல் செய்யவில்லை. நாடகம் ஒரு மாலைப் பொழுதுக்குச் சிரிக்க வைக்கலாம், எங்கள் நூல் வாழ்க்கையையே மாற்றும் என்கிற மாதிரி ஒரே வாக்கியத்தில் அறிக்கை கொடுத்தார்கள், பிறகு அந்த நாடகத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே விளம்பரமும் கொடுத்தார்கள், நாடகத்தைவிட மூலப் புத்தகம்தான் எப்போதும் நன்றாக இருக்கும் என்ற தொனியில். ஒரு காமெடி நாடகத்துக்கு வந்த எதிர்வினைகளிலேயே டைமிங் கச்சிதமாக அமைந்தது இதுதான் என்பேன்.

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவதை நான் இப்போது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முன்வரிசைக்காரர் எழுந்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை மறைகிறது, அவரும் எழுகிறார், அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் தடவை பார்க்க வந்து, ஜோக் வருவதற்கு ஒரு வினாடி முன்னாலேயே சிரித்து, பக்கத்தில் இருப்பவருக்கு இதோ வருகிறது பார் என்று முழங்கையால் இடிக்கிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களை எல்லாம் சேர்த்துக் கடைசி வரிசையில் உட்கார வைக்க அரங்கக்காரர்கள் தயவுசெய்து ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும்.