அங்கன்வாடிப் பணி: விண்ணப்பத்திலிருந்து பயிற்சி வரை

2025 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பணியாளர் 3,886, குறு அங்கன்வாடிப் பணியாளர் 305, உதவியாளர் 3,592. சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவிலிருந்தே நான்கைந்து பேர் விண்ணப்பித்தோம். எனக்குப் பணியாளர் வேலை கிடைத்தது. அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கும் பெண்கள் வழியெல்லாம் நிறுத்தி விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

பணியாளருக்குப் பிளஸ் டூ தேர்ச்சி, வயது 25 முதல் 35 வரை. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 20 முதல் 40 வரை. விதவைகள், ஆதரவற்ற பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ஐந்து ஆண்டும் மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று ஆண்டும் தளர்வு உண்டு. விண்ணப்பம், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையின் இணையதளத்தில் கிடைத்தது. பூர்த்தி செய்து, சான்றொப்பமிட்ட நகல்களுடன் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இதிலெல்லாம் பெரிய சிரமம் இல்லை.

சிரமம் முகவரியில்தான். மாநகராட்சிப் பகுதியில், மையம் இருக்கும் அதே வார்டிலோ அதை ஒட்டிய வார்டிலோ குடியிருக்க வேண்டும். சென்னையில் வாடகை வீட்டில் வாழ்பவர்களுக்கு இது எவ்வளவு கடினம்! வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த பேட்டைக்குப் போய்விடுகிறோம்; ரேஷன் அட்டை பழைய முகவரியிலேயே இருக்கும். திருமணமாகி வந்தவளின் ஆதார் பல ஆண்டுகள் தாய் வீட்டு முகவரியைத்தான் சொல்லும். என் மகனுக்குப் பால்வாடியில் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சர் அக்கா, "அறிவிப்பு வருகிறதோ இல்லையோ, முதலில் ஆதாரையும் ரேஷன் அட்டையையும் ஒரே முகவரிக்கு மாற்றி வை" என்று எப்போதோ சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு 37 வயது. கணவரின் இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தார். வயது தளர்வுக்கு அது போதாது, கோட்டாட்சியர் தரும் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்கு வருவாய்த் துறை விசாரணை முடிய வேண்டும். கடைசித் தேதியோ நெருங்கிவிட்டது. யாருக்காகத் தளர்வு வைத்தார்களோ அவர்களே இப்படித் திரும்பிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தச் சான்றிதழ் தேவைப்படும் சகோதரிகள் இன்றே மனுப்போட்டு விடுங்கள், அறிவிப்பு வரட்டும் என்று இருக்காதீர்கள்.

இடையில் ஒருவர், "மேலே ஆள் இருக்கிறார், செலவாகும்" என்று வீட்டு வாசலுக்கே வந்தார். என் மாமியார் அவரைத் திண்ணையில்கூட உட்கார விடவில்லை. நான் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை. நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்; தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நேர்காணலில் அசல் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து மையம் எவ்வளவு தூரம், நடந்து வருவீர்களா என்றார்கள். அழுகிற குழந்தையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று ஒரு கேள்வி. பிறகு ஒரு கதை சொல்லச் சொன்னார்கள். காக்கா நரி கதையைக் குரலை மாற்றி மாற்றிச் சொன்னேன்.

பணியாளருக்கு முதல் 12 மாதங்களுக்கு மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம், அதன் பிறகு ரூ.7,700 – 24,200 என்ற காலமுறை ஊதியம். சென்னையில் ஓர் அறை வீட்டு வாடகை கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை (வேலையை விட்டுப் போகும்போது தரும் தொகை) உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிதாகச் சேர்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சேர்ந்ததும் மையத்தின் சாவியும் பதிவேடுகளும் கைக்கு வந்துவிட்டன, பயிற்சி வரவில்லை. உதவியாளர் அக்கா பக்கத்தில் இருந்ததால் தாக்குப்பிடித்தேன். பிறகுதான் 'போஷண் பி, படாய் பி' என்ற மூன்று நாள் பயிற்சி கிடைத்தது. 2023இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது; ஊட்டச்சத்தையும் முன்பருவக் கல்வியையும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள்.

அதில் நான் மறக்க முடியாதது குழந்தையின் நீளம் அளப்பது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் உச்சந்தலை பலகையில் படும்படி தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி, பாதத்தில் கீழ்ப்பலகையை நகர்த்திச் சேர்க்க வேண்டும். குழந்தை சும்மா இருக்குமா? சட்டென்று காலை மடக்கும். அந்த நொடியில் ஒரு செ.மீ. குறைந்துவிடும். ஒரு வயது நிறைந்த ஆண் குழந்தைக்கு 71 செ.மீ.தான் எல்லைக்கோடு, அதற்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றிய குழந்தை என்று, அளவுகளைப் பதியும் கைப்பேசிச் செயலியில் பதிவாகிவிடும். மூன்றாவது முறை அளக்கும்போதுதான் எனக்குக் கை படிந்தது.

'பருப்பு கடைந்து' விளையாட்டையும் அங்கே செய்து காட்டினார்கள். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, அம்மாவுக்குக் கொஞ்சம் அப்பாவுக்குக் கொஞ்சம் என்று விரல் விரலாக மடக்கி, நண்டூருது நரியூருது என்று அக்குள் வரை போவோமே, அதேதான். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது, அதற்குத் தீனி தொடுதலும் பேச்சும் விளையாட்டும்தான் என்று விளக்கினார்கள். பாட்டிகள் செய்ததை ஏன் செய்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது. பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அப்படியொரு பெருமை.

முகவரியைச் சரிபார்க்க எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதியையாவது பயிற்சிக்கும் காட்டலாம். நியமன ஆணை கொடுத்த முதல் வாரத்திலேயே, மையத்தின் சாவியைக் கொடுக்கும் முன்பே, இந்த மூன்று நாள் வகுப்பு நடக்க வேண்டும். உதவியாளர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலையைப் பிடிப்பவருக்கும் தெரிந்திருந்தால்தான் அளவு சரியாக வரும். புதிதாகச் சேர்ந்த நாங்கள் சிலர் இதை மனுவாக எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கிறோம்.