அறுவடைக்கு முன் வரும் பண்டிகை: டிசம்பர் நாட்குறிப்பு

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. காலைப் பூசையில் முதல் ஊதா மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லார் வாயிலும் ஃபெஞ்சல் புயல்தான். நேற்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்திருக்கிறது, விழுப்புரம் மூழ்கிக் கிடக்கிறது என்று போனில் படம் காட்டினார்கள். எங்களுக்குக் காற்று இல்லை. ஆனால் போன வாரம் பெய்த மழைத்தண்ணீர் வயலில் இன்னும் முழுசாக வடியவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் வரும் நேரம் கொஞ்சம் இறுக்கமான நேரம். உரம், களை, மருந்து என்று கையிலிருந்த காசெல்லாம் சம்பாவுக்குப் போயிருக்கும், அத்தை சங்கிலியை வைத்து வாங்கிய நகைக்கடன் நிற்கும், நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கணக்கில் ஏறத் தை கடைசியோ மாசியோ ஆகும். பொங்கல் அறுவடையோடு வருகிறது, கிறிஸ்துமஸ் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இவருக்குக் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு வேலை, அந்தச் சம்பளத்தில்தான் இந்த மாதம் ஓட வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். பண்டிகைக்கென்று புதுக் கடன் கிடையாது. எதையும் வாங்குவதற்கு முன் வீட்டில் என்னென்ன இருக்கிறதென்று முதலில் பார்ப்பது. பரணை இறக்குவது. மாமா மட்டும் "பரணைத் தொட்டா எட்டுக்கால் பூச்சிதான் கிடைக்கும்மா" என்றார், ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.

டிசம்பர் 4, புதன்

விழுப்புரம், கடலூர் பக்கம் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணி சேர்க்கிறார்கள் என்று அன்பியத்தில், அதாவது எங்கள் பங்கின் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில், சொன்னார்கள். பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்ய இதைவிட நல்ல நேரம் எது என்று ஒரு சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நாகப்பட்டினத்திலிருந்து அம்மா போன் செய்தது.

"பாப்பா, அந்த மூட்டைய அப்படியே கொண்டுபோய்ப் போட்டுடாத. சுனாமிக்கு அப்புறம் நம்ம ஊர்ல பார்த்தியில்ல."

பார்த்தேன். 2004 கடைசியிலும் 2005 தொடக்கத்திலும் எங்கிருந்தெல்லாமோ லாரி லாரியாகப் பழைய துணி நாகைக்கு வந்தது. கிழிந்தது, கறை படிந்தது, பட்டன் இல்லாதது, எங்கள் கடற்கரைப் பெண்கள் வாழ்நாளில் போடாத உடுப்பு, இந்த ஊர் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத கம்பளிச் சட்டை. யாரும் எடுக்கவில்லை. சாலையோரம் குவிந்து கிடந்தது, அதன் மேல் மாடு நடந்தது, பனியில் நனைந்து நாறியது. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் அம்மா சொன்னதுதான் சரி: வீடு வாசல் படகு எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் முந்தின நாள் வரை உழைத்துச் சாப்பிட்டவர்கள், அவர்கள் முன்னால் கந்தலைக் கொட்டியது எத்தனை பேருக்கு நெஞ்சில் தைத்தது தெரியுமா.

சாக்கைக் கூடத்தில் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, இதை என் நாத்தனார் கையில் முகம் பார்த்துக் கொடுப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். பாதிக்கு மேல் இல்லை என்றுதான் பதில் வந்தது. நைந்த பருத்திச் சேலைகளைப் பிடிதுணிக்கும் தரை துடைக்கவும் வெட்டி வைத்தேன், வேட்டி ஒன்று மாவு சலிக்க. எலாஸ்டிக் போன பாவாடைக்கு நாடா கோத்தால் எனக்கே ஆகும். மிச்சத்தைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பெண்களுக்கு, பிள்ளைகளுக்கு, ஆண்களுக்கு என்று தனித்தனியாகக் கட்டி மேலே அளவு எழுதினேன். வெள்ளத்தில் நனைந்த வீட்டுக்கு உடனே வேண்டியது உள்ளாடை, துண்டு, போர்வை, நாப்கின். அவற்றைப் பழசாக யாருக்கும் கொடுக்க முடியாது. எனக்குப் பண்டிகைச் சேலைக்கென்று ஒதுக்கியிருந்ததில் அவற்றைப் புதுசாக வாங்கி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

பரண் இறங்கியது. இதை எழுதும்போதும் தும்மிக்கொண்டிருக்கிறேன்.

மேலேயிருந்து வந்தவற்றில் பாதி அரசாங்கம் கொடுத்தது. 2006-லிருந்து 2011 வரை நடந்த திட்டத்தில் வந்த வண்ணத் தொலைக்காட்சி, அதற்கு அப்புறம் வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. கூட்டுக்குடும்பமாக இருந்தபோது தனித்தனி ரேஷன் கார்டு, அதனால் மிக்சியே இரண்டு. மிக்சி ஒன்று இன்னும் ஓடுகிறது, பிளேடு மாற்றினால் போதும். அதைச் சரி செய்து, நடவுக்கு வரும் அக்காவின் மகளுக்குக் கொடுக்கலாம் என்று அத்தை சொன்னது. போன மாதம்தான் தனிக்குடித்தனம் போயிருக்கிறாள், அம்மியில் அரைக்கிறாளாம்.

டப்பா டிவிதான் சிக்கல். காயலாங்கடையில் போட்டால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு கண்ணாடியை உடைத்து அரசலாற்றுக் கரையில் கொட்டிவிடுவார்கள். அந்தப் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது, அது விஷம். ஆற்றுத் தண்ணீர் நம் வாய்க்காலுக்குத்தானே வருகிறது. பழைய டிவி பழுது பார்க்கும் ஒருவர் உதிரி பாகத்துக்காக முழுசாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். காசு எதுவும் வரவில்லை. பரவாயில்லை.

அப்புறம் பாத்திரம். எங்கள் வீட்டில் பாத்திரத்தைப் பெயர் வெட்டாமல் வைக்கும் பழக்கம் இல்லை. ஒவ்வொன்றிலும் யார் கொடுத்தது, எந்தக் கல்யாணம், என்ன தேதி என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அப்படிப் படித்துக்கொண்டே வந்ததில் எங்களுடையது அல்லாத பாத்திரங்கள் ஒரு கூடை சேர்ந்தது. தெற்குத் தெரு டீச்சர் வீட்டுத் தூக்கு, பக்கத்து வீட்டு பாய் வீட்டிலிருந்து எப்போதோ நோன்புக் கஞ்சி வந்த சட்டி, அத்தையின் தங்கை வீட்டு அடுக்கு. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் பலகாரம் அந்தந்தப் பாத்திரத்திலேயே அவரவர் வீட்டுக்குப் போகும்.

பித்தளை அண்டாவை எடைக்குப் போடலாமா என்று கேட்டேன். இவர் வேண்டாம் என்றார். கடையில் தினமும் பார்க்கிறாராம், பழசுக்கு உலோக விலைதான், அதிலும் தேய்மானம் கழிப்பார்கள், புதுசு வாங்கும்போது செய்கூலி தனி. அவ்வப்போது ஈயம் பூசிக்கொண்டால் எத்தனை வருஷத்துக்கும் சமைக்கலாம். அண்டா இருக்கட்டும்.

டிசம்பர் 12, வியாழன்

விடாத மழை. மாமா குடையை எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே வடிகாலைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் போட்டிருக்கும் பிபிடி என்ற சன்ன ரக நெல் பூக்கிற நேரம் இது. இப்போது அடித்துப் பெய்தால் மணி பிடிக்காமல் பதராகப் போகும். சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,450 ரூபாய் இந்த வருஷம், ஆனால் எத்தனை குவிண்டால் என்பதை இந்த மழைதான் சொல்லணும்.

வெளியே போக முடியாததால் அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கல்யாணத்துக்கு எடுத்த திருபுவனம் பட்டு, மாம்பழக் கலர், மயில்கழுத்துக் கரை. மடிப்பு மாற்றாமல் வைத்ததில் மடித்த இடமெல்லாம் இற்றுப் போயிருக்கிறது. பழைய பட்டு வாங்குகிறவர் தெருவில் வந்தால் ஜரிகைக்காக எடுப்பார், துணியை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். கொடுத்துவிடு என்று அத்தை வாய் சொன்னது, கை மட்டும் சேலையை விடவில்லை. நான் தரையில் விரித்து அளந்து பார்த்தேன். மடிப்புக்கு இடையில் நல்ல துணி நிறைய இருக்கிறது. பெரியவளுக்குப் பாவாடை, சட்டைக்கு முந்தானை. உள்ளே மல் துணி கொடுத்துத் தைத்தால் தாங்கும். தையல்காரம்மா கிறிஸ்துமஸ் நெருக்கடியிலும் ஒத்துக்கொண்டார். "பாவாடை என் பேத்திக்கா" என்று கேட்டுவிட்டு அத்தை அப்புறம் வேறு எதுவும் பேசவில்லை, பெட்டியைத் துடைத்து வசம்பு போட்டு வைத்தது.

டிசம்பர் 14, சனி

நேற்று கார்த்திகை தீபம். எதிர்வீட்டிலிருந்து பொரி உருண்டையும் அப்பமும் வந்தன. தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, பண்டிகையன்று நிரப்பிக் கொடுப்போம்.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்து எதிர்வீட்டு வாசலில் பெரிய கோலம். எங்கள் வீட்டில் சின்னவனின் கிறிஸ்மாம் கிறிஸ்சைல்ட் பிரச்சினை. சீட்டு எடுத்து யார் பெயர் வருகிறதோ அவர்களுக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கணும். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம், அதை நான் கெடுக்க மாட்டேன். ஆனால் போன வருஷங்களில் வந்ததெல்லாம் பரணிலிருந்து ஒரு பை நிறைய இறங்கின: பிளாஸ்டிக் பூங்கொத்து, மினுமினுப்பு உதிரும் பொம்மை, கிளிப் உடைந்த போட்டோ சட்டம். இரண்டு வாரம்கூட யாரும் தொடவில்லை.

யார் பெயர் வந்தது என்று எனக்கு மட்டும் காதில் சொன்னான். அந்தப் பையன் பட்டம் விடுகிற பைத்தியமாம். சரி, மாஞ்சா இல்லாத சாதா நூல்கண்டும் கலர் காகிதமும் மூங்கில் குச்சியும் வாங்கி, எங்கள் வீட்டு நட்சத்திரத்துக்குச் செய்யும்போதே ஒரு பட்டமும் செய்துவிட்டார்கள் அப்பாவும் பிள்ளையும். கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சப்பையில் வைத்து எடுத்துப் போகிறான். அந்தப் பைகள் மட்டும் வீட்டில் ஒரு மூட்டை இருக்கின்றன, அரசாங்கம் 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று திட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே சேர்ந்தவை.

டிசம்பர் 21, சனி

பலகாரம் நாள். ரேஷனில் 25 ரூபாய்க்கு வந்த பாமாயிலையும் சர்க்கரையையும் இதற்கென்றே எடுத்து வைத்திருந்தேன். வீட்டுப் பச்சரிசி. அச்சு முறுக்கு, கல்கல், கொஞ்சம் கைமுறுக்கு, அவ்வளவுதான். லட்டும் மிக்சரும் கேக்குமாக ஏழெட்டு வகை செய்து பிப்ரவரி வரை டப்பாவில் சிக்கு வாடை அடிக்க வைத்திருப்பதில் யாருக்கு என்ன லாபம். மூன்றை நிறையச் செய்தால் எல்லா வீட்டுக்கும் தாராளமாகப் போகும். அச்சை முந்தின நாள் ராத்திரியே எண்ணெயில் ஊற வைத்தால்தான் முறுக்கு ஒட்டாமல் கழன்று வரும் என்று பெரியவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அடுப்பு வெக்கையில் நின்று பொறுமையாகச் சுட்டாள்.

குடிலுக்கு எதுவும் வாங்கவில்லை. சுரூபங்கள் மாமாவின் அப்பா காலத்தவை, ஒரு இடையனுக்குக் கையில்லை, ஆனாலும் அவர் இல்லாமல் குடில் இல்லை. கூரைக்கு வைக்கோல். பத்து நாள் முன்னால் சின்னவன் தாம்பாளத்தில் மண் போட்டுத் தெளித்த நெல் இப்போது குடில் வாசலில் பச்சைப் பசேலென்று நாற்றாக நிற்கிறது.

டிசம்பர் 25, புதன்

நள்ளிரவுப் பூசை, பட்டுப்பாவாடை, விடிந்ததும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கும் ஊர்வலம். டீச்சர் தன் தூக்கைப் பார்த்து, "இது எங்கம்மா சீதனமா கொடுத்தது, தொலைஞ்சே போச்சுன்னு நெனச்சேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எழுத நேரமில்லை, தூக்கம்.

டிசம்பர் 26, வியாழன்

முதல் பேருந்தில் திருவாரூர் வழியாக நாகை. சுனாமி வந்து இன்றோடு இருபது வருஷம். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணி முழுக்க யாத்திரைக்கு வந்தவர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் போய்விட்டார்கள். அம்மாவோடு போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பத்துப் பெண்கள் கடலில் பால் ஊற்றி, பூத்தூவி அழுதார்கள். பிள்ளைகள் என் கையை விடவே இல்லை.

மதியம் அம்மா வீட்டு அலமாரியில் ஒரு புதுத் துண்டு, மடிப்புக் கலையாமல் இருந்ததைப் பார்த்தேன். அந்த 2005 ஜனவரியில் முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்து வீடு வீடாக ஏறி, உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு மறுநாள் கொண்டுவந்து கொடுத்ததாம். "எல்லாத்தையும் உபயோகப்படுத்திட்டேன், இத மட்டும் மனசு வரல" என்றது அம்மா. அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லவும் மாட்டேன். வீட்டைக் காலி செய்வதென்றால் எல்லாவற்றையும் காலி செய்வதென்று யார் சொன்னது.

டிசம்பர் 30, திங்கள்

கணக்கு முடித்தேன். அத்தை நகைக்கு வட்டி கட்டியாகிவிட்டது, புதுக் கடன் இல்லை. ஜனவரியிலிருந்து மாதம் 300 ரூபாய் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டு அடுத்த டிசம்பருக்குத் தனியாக வைக்கலாம் என்று இவரும் நானும் பேசியிருக்கிறோம், பலகாரச் சீட்டில் சேருவதில்லை.

கிழிந்த கோரைப்பாயும் விளக்குமாறும் போகிக்கு எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், அவை எரியட்டும். பிளாஸ்டிக் பூங்கொத்துப் பையை மட்டும் அங்கே கொடுக்காமல் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிட்டேன், எரித்தால் அந்தப் புகை எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்குத்தான்.

வயலில் ஈரம் இன்னும் காயவில்லை, டயர் வைத்த அறுப்பு மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான் சொல்லணும், மணிக்கு வாடகை கூடும் என்று மாமா கவலைப்படுகிறார். பதர் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. பரணில் காலியான மூலையில் இந்தத் தடவை விதைநெல் மூட்டையை ஏற்றிக்கொள்கிறேன் என்று கேட்டார். எலி வராமல் இருக்கத் தகரம் அடிக்கணும் என்று சொல்லியிருக்கிறேன், நாளைக்குத் தச்சர் வருகிறார்.