கார்புரேட்டரைக் குறை சொன்னார்கள், காற்று வேறு வழியாகப் போனது

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள மாருதி 800 வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சிக்னலில் வண்டி அணைகிறது என்றதும் கார்புரேட்டரைக் கழற்ற விடாதீர்கள்.

என்னுடையது 1996 மாடல். ஹைவேயில் ஒரு குறையும் தெரியாது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) மட்டும் நடுங்கி அணையும். எஞ்சின் சூடான பிறகும், காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால்தான் சீராக ஓடும். அப்படியென்றால் பெட்ரோல் குறைவு, இல்லையென்றால் காற்று அதிகம். மெக்கானிக் முதலாவதையே பிடித்துக்கொண்டார். ஸ்லோ ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு என்று கார்புரேட்டரை இறக்கி, கழுவி, கிட் (பேக்கிங் முதலிய உதிரிகள்) மாற்றி, பெரிய பில் கொடுத்தார். வண்டி முன்னைவிட மோசம். கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று ஐடில் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டு அனுப்பினார். பில்லைவிட அந்தப் பதில்தான் இன்னும் எரிச்சல்.

அப்புறம் நானே இறங்கினேன். எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் காட்டும் வேக்கம் கேஜ் மாட்டினால், நல்ல எஞ்சினில் ஐடிலின்போது முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். எனக்கு 14-ஐத் தாண்டவில்லை. வேறு வழியாகக் காற்று புகுந்தால் முள் இப்படி இறங்கும். டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கினாலும் முள் இறங்கும் என்பதால் அதை முதலில் பார்த்தேன், சரியாக இருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தது. வெட்டிவிட்டு மாட்டியதில் பாதி சரியானது. மாட்டும் முன் குழாயை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். பிடிப்பு விடாமல் இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் டயாஃப்ரம் (சவ்வு) நல்லது.

மீதி லீக்குக்கு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. மெல்லிய குழலால் ஒவ்வொரு இணைப்பிலும் துளி துளியாக அடிக்க வேண்டும், எஞ்சின் வேகம் (ஆர்.பி.எம்.) மாறும் இடத்தில் லீக். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு அடிக்காதீர்கள், ஸ்ப்ரே கார்புரேட்டர் வாய் வழியாகவே போய் ஏமாற்றும். இது தீப்பிடிக்கும் சரக்கு. சைலன்சர் மேனிஃபோல்டு, பிளக் வயர் பக்கம் போகவே கூடாது. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பயமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும், ஓட்டை இருந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கார்புரேட்டரின் அடியில் அடித்ததும் எஞ்சின் குரல் மாறியது. கழற்றினால், கிட் மாற்றிய புண்ணியவான் அடியில் பழைய பேக்கிங்கையே திரும்ப வைத்திருக்கிறார்! நட்டையும் ஒரு பக்கமாக முறுக்கியதில் இன்சுலேட்டர் (கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் வெப்பத் தடுப்புக் கட்டை) வளைந்திருந்தது.

சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் மாடல் சொல்லி வாங்கிய பேக்கிங் ஓட்டை பொருந்தாமல் ஒரு நடை வீண். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

மாட்டியதும் ஐடில் எகிறியது, பெட்ரோல் வாடையும் வந்தது. லீக்கை மறைக்கத் திருகிவைத்த மிக்சர் ஸ்க்ரூவையும் (பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைப்பது) ஐடில் ஸ்க்ரூவையும் திரும்ப செட் செய்த பிறகு முள் 18-ல் நின்றது. இப்போது சிக்னலில் சோக்கைத் தொடுவதே இல்லை.