ஒரு தேதிக்காக இரண்டு திங்கட்கிழமைகள்

அம்மாவின் சினைப்பைப் புற்றுநோய்க்கு மூன்று சுற்று கீமோ முடிந்து, அறுவை சிகிச்சைக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பேருந்தில் பாளையங்கோட்டைக்குப் போனோம். பதினொரு மணிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீமோவோடு சேர்த்துக் கொடுத்த பெவாசிசுமாப் மருந்தைக் கடைசியாக என்றைக்கு ஏற்றினார்கள் என்பது பழைய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை.

கட்டி மலக்குடலோடு ஒட்டியிருந்ததால், குடலில் ஒரு பகுதியை வெட்டி இணைக்க வேண்டிவரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இணைத்த இடம் கசிந்தால் மலம் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். பெவாசிசுமாப் புதிய இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் மருந்து; தையல் ஆறுவதற்கும் அந்தக் குழாய்கள்தாம் வேண்டும் என்பதால், குறைந்தது 28 நாட்களாவது கழியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார் அறுவை மருத்துவர்.

பழைய மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில், "அண்ணாச்சி, ஒரே ஒரு தேதிதான்" என்று கெஞ்சியும் எழுத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "திங்கக்கிழமை வாங்க" என்றார். அடுத்த திங்களும் அதையே சொன்னார். கடைசியில் கீமோ வார்டு சிஸ்டர்தான் மருந்தேற்றிய தாளைத் தேடியெடுத்து, நகலில் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். எங்களைத் திருப்பி அனுப்பிய அன்று 19 நாட்களே ஆகியிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. அறுவை மருத்துவர் மேலிருந்த கோபமும் எழுத்தர் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மருந்துப் பெயரையும் தேதியையும் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள்.

அந்த இடைவெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் 2.8 என்று வந்தது. அது குறைவாக இருந்தாலும் கசிவு அபாயம் கூடுமாம். ஊசி போட்டு ஏற்றிவிட முடியாதா என்று கேட்டதற்கு, "எண் ஏறும், உடம்பு தேறாதே" என்றார் மருத்துவர். முட்டையும் பயறும் புரதமாவுமாக மேலும் மூன்று வாரம் ஓடி, ஒருவழியாக 3.4 ஆனது.

அறுவைக்கு முந்தின நாள், தேவைப்பட்டால், குடலை இணைத்த இடம் ஆறும்வரை மலம் வயிற்றின் வழியே வெளியேற, தற்காலிகப் பை வைக்கும் இடத்தைப் பேனாவால் குறிக்க வந்த சிஸ்டர், அம்மாவை உட்காரவும் குனியவும் சொல்லிப் பார்த்தார். "கொசுவம் சொருகுற இடத்துல வைக்காத தாயி" என்று அம்மா சொன்னதும், குறியை அழித்துவிட்டு இரண்டு விரல் மேலே போட்டார். குடல் இணைப்பு மிகவும் கீழே அமைந்ததால் பை தேவைப்பட்டது. அந்தக் குறியிலேயே வைத்தார்கள். கசிவு வரவில்லை.